காம்போசிஷனா, ரெகுலரா: சிறு வியாபாரிக்கு எதில் மிச்சம்?

ஜிஎஸ்டி பதிவு எடுக்கப் போகிறவர் ஆடிட்டரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எதுல சார் வரி கம்மி?" என்பதுதான். காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகளுக்கான எளிய முறையில் ஒரு சதவீதம், ரெகுலர் என்ற வழக்கமான முறையில் 5 அல்லது 18 என்று பதில் வந்ததும் முடிவும் ஆகிவிடுகிறது. ஒன்று எங்கே, பதினெட்டு எங்கே! ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. அந்த ஒரு சதவீதம் மொத்த விற்பனைக்கு. 18 சதவீதமோ, வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்த பிறகு, உங்கள் லாப வித்தியாசத்தின் மேல் மட்டும் விழுகிறது. பத்து ரூபாய் லாபத்துக்கு 18 சதவீதம் என்றால் 1 ரூபாய் 80 காசு. நூற்றுப் பத்து ரூபாய் விற்பனைக்கு ஒரு சதவீதம் என்றால் 1 ரூபாய் 10 காசு. தூரத்தில் நின்ற இரண்டும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டன, இல்லையா?

2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. 12, 28 என்ற இரண்டு படிகளும் பெரும்பாலும் போய், 5, 18 என்ற இரண்டு பெரிய படிகளும், சில பொருள்களுக்கு மட்டும் 40-ம் நின்றன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், சாக்லேட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. வாங்குகிறவருக்கு நல்ல செய்திதான். ஆனால் காம்போசிஷனில் இருக்கும் பல கடைகளுக்கு அன்றோடு அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அதற்கு முன்பு சரியாக யோசித்து எடுத்த முடிவாக இருந்தாலும் இப்போது மறுபடி கணக்குப் போட வேண்டும்.

முதலில் இரண்டும் என்னவென்று சுருக்கமாக. ரெகுலர் என்றால் பில்லில் வரியைத் தனியாகக் காட்டி வாடிக்கையாளரிடம் வாங்குவீர்கள். நீங்கள் கொள்முதலில் கொடுத்த வரியை அதில் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டுவீர்கள். கழித்துக்கொள்ளும் அந்தத் தொகையைத்தான் கடைத்தெருவில் 'இன்புட்' என்கிறார்கள். காம்போசிஷனில் வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு பைசாகூட வாங்கக் கூடாது, இன்புட்டும் கிடையாது. மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். பொருள் வாங்கி விற்பவருக்கும் உற்பத்தியாளருக்கும் 1 சதவீதம், மது பரிமாறாத உணவகத்துக்கு 5 சதவீதம், மற்ற சேவைகளுக்கு 6 சதவீதம். முந்தைய நிதியாண்டின் மொத்த விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்க வேண்டும். சேவைக்கு மட்டும் 50 லட்சம். பொருள் விற்பவர் கூடவே கொஞ்சம் சேவையும் செய்யலாம், விற்பனையில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை.

உங்களிடம் வாங்குவது யார்?

லாபக் கணக்குக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்வியை முடித்துவிட வேண்டும். உங்களிடம் வாங்குகிறவர் ஜிஎஸ்டி நம்பர் வைத்திருக்கும் ரெகுலர் வியாபாரி என்றால், காம்போசிஷனைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவே தேவையில்லை.

ஏன் என்று பார்ப்போம். இரும்புக் கட்டில், பீரோ செய்யும் ஒரு பட்டறை. 100 ரூபாய்க்குப் பொருள், அதற்கு 18 ரூபாய் வரி. கூலியும் லாபமுமாக 80 ரூபாய் சேர்கிறது. ரெகுலரில் 180 விலை, 32 ரூபாய் 40 காசு வரி, மொத்தம் 212.40. வாங்கும் கடைக்காரர் அந்த 32.40-ஐ இன்புட்டாக எடுத்துக்கொள்வார். அவருக்கு அடக்கம் 180 மட்டுமே. இதே பட்டறை காம்போசிஷனில் இருந்தால் கடைக்காரருக்கு இன்புட் கிடையாது. அவர் அதே 180-க்குத்தான் கேட்பார். கொடுத்தால் என்ன மிஞ்சும்? 180-ல் கொள்முதல் 118 போய், வரி 1.80 போய், 60 ரூபாய் 20 காசு. 80 இருந்த இடத்தில் 60. ஒரு சதவீத வரி கட்டப் போய் இருபது ரூபாய் காணாமல் போகிறது.

அதே பட்டறை நேராக வீட்டுக்காரர்களுக்கு விற்றால் கதையே வேறு. வீட்டுக்காரருக்கு இன்புட் பற்றிக் கவலை இல்லை, 212.40 கொடுக்கத் தயாராக இருக்கிறார். காம்போசிஷனில் 118 போய், வரி 2.12 போய், 92 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. ரெகுலரில் 80. விலையில் ஐந்து ரூபாய் குறைத்துப் பக்கத்துப் பட்டறையைவிட மலிவாக விற்றாலும் கையில் கூடுதலாகவே நிற்கும். உழைப்பின் மதிப்பு அதிகமாகச் சேரும் தொழிலில், கடைசி நுகர்வோருக்கே விற்பவருக்குக் காம்போசிஷன் அள்ளிக் கொடுக்கும் திட்டம். இன்னொரு கோணமும் உண்டு: உங்களிடம் வாங்கும் கடைக்காரரே காம்போசிஷனில் இருந்தால் அவருக்கும் இன்புட் தேவையில்லை, அதனால் அவரும் வீட்டுக்காரர் மாதிரிதான்.

பாதி நுகர்வோருக்கு, பாதி கடைகளுக்கு என்று விற்பவர் என்ன செய்வது? ஒரே பான் நம்பரில் ஒரு கடையைக் காம்போசிஷனிலும் இன்னொன்றை ரெகுலரிலும் வைக்க முடியாது. எல்லாப் பதிவுகளும் ஒரே வழியில்தான் போக வேண்டும். என் கருத்து: கடைகளுக்கு விற்பது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி வளர்ந்துகொண்டும் இருந்தால் ரெகுலருக்குப் போய்விடுவது நல்லது. அந்த வாடிக்கையாளர்கள் காத்திருக்க மாட்டார்கள், "இன்புட் பில் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

நுகர்வோருக்கே விற்கும் கடை: லாபம் எவ்வளவு வைக்கிறீர்கள்?

இங்கேதான் பலர் தவறான பக்கத்தில் நிற்கிறார்கள். விலை நுகர்வோருக்கு எப்படியும் ஒன்றுதான், எம்ஆர்பி அச்சிட்ட பொருளில் சொல்லவே வேண்டாம். அதனால் இரண்டு முறையிலும் கடைசி விலையை ஒன்றாகவே வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பழைய நிலைமை: 18 சதவீதப் பொருள், கொள்முதல் 100, வரி 18, அதன் மேல் பத்து ரூபாய் லாபம். கடைசி விலை 129.80. ரெகுலரில் அரசுக்குக் கட்டியது 1.80, லாபம் 10. காம்போசிஷனில் வரி 1.30, 129.80-லிருந்து 118-ம் 1.30-ம் போக லாபம் 10.50. காம்போசிஷன் அரை ரூபாய் முன்னால் நின்றது.

இப்போது அதே பொருள் 5 சதவீதம். கொள்முதல் 100, வரி 5, லாபம் பத்து, கடைசி விலை 115.50. ரெகுலரில் கட்டுவது வெறும் 50 காசு, லாபம் அதே 10. காம்போசிஷனில் வரி 1.15, 115.50-லிருந்து 105-ம் 1.15-ம் போக மிஞ்சுவது 9.35. ஆள் மாறிவிட்டது! ஆண்டுக்கு 60 லட்சம் இப்படி வசூலாகும் கடை என்று வையுங்கள். காம்போசிஷனில் 60,000 ரூபாய் வரி. ரெகுலரில் சுமார் 26,000. செப்டம்பருக்கு முன் இதே 60 லட்சத்துக்கு ரெகுலரில் 83,000 வந்திருக்கும். காம்போசிஷனில் அப்போதும் 60,000தான்.

எந்த இடத்தில் இரண்டும் சமமாகும் என்று கணக்குப் போட்டால் ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது. 18 சதவீதப் பொருளில், வரி சேர்க்காத கொள்முதல் விலைக்கு மேல் 7 சதவீதம் லாபம் வைத்தாலே காம்போசிஷன் மேல். 12 சதவீதம் இருந்த காலத்தில் அந்தக் கோடு 10-ஐ ஒட்டி இருந்தது. 5 சதவீதப் பொருளில் அது 26.6-க்கு ஏறிவிடுகிறது. அதாவது 5 சதவீதப் பொருளை நூறுக்கு வாங்கி நூற்று இருபத்தேழுக்குக் கீழே விற்பவர், காம்போசிஷனில் இருந்தால் ரெகுலரைவிட அதிக வரி கட்டுகிறார். மளிகையில் எந்தப் பொருளில் 27 ரூபாய் நிற்கிறது? எண்ணெயில் நிற்குமா, சர்க்கரையில் நிற்குமா? ஆயத்த ஆடைக் கடைக்கு நிற்கலாம். 2,500 ரூபாய்க்குள்ளான துணிமணியும் செருப்பும் 5 சதவீதத்தில்தான் இருக்கின்றன, அங்கே லாப வித்தியாசம் பெரும்பாலும் அகலமாகவே இருக்கும். அதனால் ஒரே தெருவில், ஒரே வரி விகிதத்தில், ஒரே அளவு விற்கும் மளிகைக் கடைக்கு ரெகுலரும் துணிக்கடைக்குக் காம்போசிஷனும் சரியாக வரலாம். "பக்கத்துக் கடைக்காரர் எடுத்திருக்கிறார், நானும் எடுத்தேன்" என்பது இங்கே சுத்தமாகச் செல்லாது.

உதிரியாக விற்கும் அரிசி, பருப்பு, பால், காய்கறி மாதிரி வரியே இல்லாத பொருள்களுக்கு, வாங்கி விற்பவர் காம்போசிஷனில் அந்த ஒரு சதவீதம் கட்ட வேண்டாம். உற்பத்தியாளருக்கோ மொத்த விற்பனையும் கணக்கில் வரும். ஆனால் ஒன்றரைக் கோடி வரம்பைப் பார்க்கும்போது வரியில்லாப் பொருளின் விற்பனையும் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடியவை

மேலே சொன்ன ரெகுலர் கணக்கு ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: நீங்கள் கொடுத்த வரி முழுவதும் இன்புட்டாகத் திரும்பி வரும் என்பது. நடைமுறையில் அப்படி வருவதில்லை. உங்களுக்குச் சரக்குப் போட்டவர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல் அந்த பில்லை ஏற்றினால்தான் மாதம் 14-ஆம் தேதி வரும் உங்கள் இன்புட் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அது தெரியும். அதில் தெரியாத பில்லுக்கு இன்புட் இல்லை. வரியை உங்களிடம் வாங்கிக்கொண்டு ஏற்றாமல் விட்டுவிட்டார் என்றால் அந்த 5 ரூபாய் உங்கள் தலையில்தான். பத்து ரூபாய் லாபக் கடையில் ரெகுலரின் அனுகூலம் நூறு ரூபாய்க் கொள்முதலுக்கு 65 காசுதான். ஆக, கொள்முதலில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் இப்படி ஏற்றாத பில்லாக இருந்தாலே மொத்த அனுகூலமும் போய்விடும். இதோடு, சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டாலும் எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். நீண்ட கடனில் சரக்கு எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிவே இல்லாத சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்கி விற்கிறீர்களா? முறுக்கு, அதிரசம், ஊறுகாய், கைவினைப் பொருள் எல்லாம் இப்படித்தான் வரும். கொள்முதலில் வரியே இல்லை, அதனால் கழிக்கவும் ஒன்றுமில்லை. ரெகுலரில் விற்றால் முழு வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்த மாதிரிக் கடைக்குக் காம்போசிஷன் தெளிவாகவே மேல், லாபம் குறைவாக இருந்தாலும்கூட.

பில் போடும் வேலையைப் பற்றி இருக்கும் பயம் மட்டும் கொஞ்சம் மிகை. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் பில் அடித்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்கி, பில் கேட்காத சாதாரண வாடிக்கையாளருக்குத் தனி பில் வேண்டாம். நாள் முடிவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று போதும். நுகர்வோர் விற்பனையை ரிட்டர்னிலும் வரி விகித வாரியாக மொத்தமாகத்தான் காட்டுகிறோம்.

உணவகமும் அழகு நிலையமும்

உணவகத்துக்கு ரெகுலரிலும் 5 சதவீதம்தான், அதற்கும் இன்புட் கிடையாது. காம்போசிஷனிலும் 5, இன்புட் இல்லை. அப்புறம் என்ன வித்தியாசம்? 105 ரூபாய் வசூலில் ரெகுலர் உணவகம் கட்டுவது 5. காம்போசிஷன் உணவகம் கட்டுவது மொத்த 105-க்கும் 5 சதவீதம், 5.25. ஆண்டுக்கு 60 லட்சம் வசூலானால் சுமார் 14,300 ரூபாய் காம்போசிஷனில் அதிகம். பணக் கணக்கில் தோற்று, ரிட்டர்ன் வேலையில் மட்டும் ஜெயிக்கும் திட்டம் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் வாடகை என்று ஒன்று இருக்கிறது.

2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத கட்டட உரிமையாளரிடம் கடைக்கான இடத்தை வாடகைக்கு எடுத்த பதிவுபெற்ற வியாபாரி, அந்த வாடகைக்கு 18 சதவீதத்தை ரெவர்ஸ் சார்ஜில், அதாவது உரிமையாளருக்குப் பதில் தானே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜனவரியில் காம்போசிஷன்காரர்களை மட்டும் அதிலிருந்து விலக்கினார்கள். ரெகுலரில் இருக்கும் மளிகைக் கடைக்கு இது பெரிய பாதிப்பில்லை. கட்டிவிட்டு இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். வரியில்லாப் பொருளும் விற்கிறவருக்கு அந்தப் பங்குக்கு மட்டும் கிடைக்காது. உணவகத்துக்கோ இன்புட்டே கிடையாதே! மாதம் 40,000 வாடகை என்றால் 7,200 ரூபாய், ஆண்டுக்கு 86,400, முழுக்கச் செலவு. இப்போது அந்த 14,300 ஒன்றுமே இல்லை. ஆக உணவகம் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வரி விகிதம் பற்றியதே இல்லை, "என் கட்டட ஓனருக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்றால் காம்போசிஷன். இருந்தால், அவர் எப்படியும் 18 சதவீதம் பில்லில் போட்டு வாங்கிவிடுவார், இரண்டு முறையிலும் அது செலவுதான். அப்போது ரெகுலர் கொஞ்சம் மேல்.

அழகு நிலையம், முடிதிருத்தகம், உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர்களும் இதே கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் வரை ரெகுலரில் 18, காம்போசிஷனில் 6. தேர்வு கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது. இப்போது ரெகுலரில் இன்புட் இல்லாமல் 5. காம்போசிஷன் அதே 6-ல் நிற்கிறது. வாடகைச் சிக்கல் இல்லாதவர் காம்போசிஷனில் தொடர்வது வீண் செலவு. பழுது பார்ப்பவர், புகைப்பட நிலையம் மாதிரி இன்னும் 18 சதவீதத்திலேயே இருக்கும் சேவைகளுக்கு மட்டும், வாடிக்கையாளர் தனிநபர்களாக இருந்தால், 6 சதவீதம் இன்றும் நல்ல லாபம்.

தனியாக வேலை செய்யும் வடிவமைப்பாளர், மென்பொருள்காரர் போன்றவர்கள் காம்போசிஷனை மறந்துவிடலாம். வேறு மாநிலத்துக்குச் சேவை விற்க அதில் இடமில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் பெங்களூரு, மும்பை நிறுவனங்கள். அந்த நிறுவனங்கள் 18 சதவீதத்தையும் இன்புட்டாக எடுத்துக்கொள்வதால் ரெகுலரில் யாருக்கும் நஷ்டமில்லை.

பதிவே எடுக்காமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், சட்டப்படியே. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. சேவைக்கு 20 லட்சம். எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் பொருளுக்கும் 20 லட்சம்தான். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். வரம்புக்குள் இருந்துகொண்டு விருப்பப்பட்டுப் பதிவு எடுத்தால், அன்றிலிருந்து எல்லா விற்பனைக்கும் வரி உண்டு, "நான் 40 லட்சத்துக்குள்தானே?" என்று பிறகு சொல்ல முடியாது. கடைகளுக்கு இன்புட் பில் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய, வரம்புக்குள் இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஆன்லைன் தளத்தில் விற்கப் பதிவு வேண்டுமே என்பார்கள். 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவரும், காம்போசிஷனில் இருப்பவரும் தங்கள் மாநிலத்துக்குள் பொருளை அப்படி விற்கலாம்.

ஆனால் வரம்புக்குள் இருக்கிறோம் என்று மனதால் சொன்னால் போதாது, எழுதி வைத்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துப் பெங்களூருவில் சிறு கடைக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். அவர்களில் காய்கறி, பால் மாதிரி வரியில்லாப் பொருள் விற்பவர்களும் இருந்தார்கள். கணக்குப் புத்தகம் இருந்தவர் எடுத்துக் காட்டலாம். இல்லாதவருக்குச் சொந்தக்காரர் அனுப்பிய பணம்கூட விற்பனை மாதிரியே தெரியும். கடைக்கு என்று தனி வங்கிக் கணக்கும் தனி க்யூஆர் அட்டையும் வைத்துக்கொள்வது இந்தத் தொல்லையில் பாதியைக் குறைக்கும்.

ரிட்டர்ன் வேலை

காம்போசிஷனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டும் சிஎம்பி-08 படிவம், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-க்குள். ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 என்ற ஆண்டு ரிட்டர்ன், ஜூன் 30-க்குள். அவ்வளவுதான். ரெகுலரில் 5 கோடி வரை விற்பனை உள்ளவர் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்: ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள், வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தமிழ்நாட்டில் 22-க்குள். இடைப்பட்ட இரண்டு மாதங்களிலும் அடுத்த மாதம் 25-க்குள் பணம் மட்டும் கட்டினால் போதும். "ரெகுலர்னா மாசாமாசம் ரெண்டு ரிட்டர்ன்" என்பது இவர்களுக்குப் பழைய கதை. உண்மையான கூடுதல் வேலை 2பி-யோடு கொள்முதல் பில்களை ஒத்துப் பார்ப்பதுதான். அதற்கு ஆடிட்டர் அலுவலகம் கேட்கும் கூடுதல் கட்டணத்தை ஆண்டுக் கணக்காக விசாரித்து, மேலே வந்த 60,000-க்கும் 26,000-க்கும் இடையிலான 34,000 மாதிரியான உங்கள் வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். சின்ன வித்தியாசமாக இருந்தால் நான் காம்போசிஷன் பக்கமே சாய்வேன். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

காம்போசிஷனில் எளிதாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. வெளிமாநிலத்தில் வாங்கலாம், விற்கத்தான் கூடாது. இதைத் தலைகீழாக நினைத்திருப்பவர்கள் ஏராளம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு லோடு ஏற்றி அனுப்பினாலே தகுதி போகும். ஐஸ்கிரீம், புகையிலை, பான் மசாலா, காற்றேற்றிய குளிர்பானம், செங்கல் ஆகியவற்றை உற்பத்தி செய்பவருக்கு இந்தத் திட்டம் இல்லை. செங்கல் சூளைக்காரர்கள் 2022 ஏப்ரலில்தான் இந்தப் பட்டியலுக்குள் வந்தார்கள். கடைப் பலகையில் காம்போசிஷன் வியாபாரி என்று எழுதியிருக்க வேண்டும், பில்லின் தலையில் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்ற வாசகம் இருக்க வேண்டும். வாடிக்கையாளராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பில்லில் 5 சதவீதம் சேர்த்திருந்தால் அந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வரி செலுத்துபவரின் வகை காம்போசிஷன் என்று வந்தால் அந்த வரியை அவர் உங்களிடம் வாங்கியிருக்கவே கூடாது.

எந்தப் பக்கம் போனாலும், ஜிஎஸ்டியில் காட்டும் விற்பனையும் வருமான வரியில் காட்டும் விற்பனையும் ஒன்றாக இருக்க வேண்டும். 44ஏடி என்று பழகிப்போன உத்தேச வருமான முறையில், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபமாகக் காட்டி முடித்துக்கொள்ளும் சிறு வியாபாரிகள் இதில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவின் எண் வேறு, ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி அதேதான். ஜிஎஸ்டியில் காட்டிய தொகை வருமான வரித் துறை தரும் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

மாறுவதற்கு நாள் பார்க்க வேண்டும்

ரெகுலரிலிருந்து காம்போசிஷனுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. வரும் நிதியாண்டுக்கு மார்ச் 31-க்குள் சிஎம்பி-02 என்ற விருப்பப் படிவம் கொடுக்க வேண்டும். அப்போது கையிருப்புச் சரக்குக்கும் இயந்திரங்களுக்கும் எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். பத்து லட்சத்துக்கு 18 சதவீதச் சரக்கு கடையில் இருந்தால் 1,80,000 ரூபாய். அதற்கான ஐடிசி-03 படிவத்துக்கு ஆண்டு தொடங்கி 60 நாள் அவகாசம். இதனால், போவது என்று முடிவு செய்தவர் பிப்ரவரி, மார்ச்சில் சரக்கைக் குறைவாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

காம்போசிஷனிலிருந்து வெளியே வருவது எளிது, ஆண்டின் நடுவிலும் வரலாம். ஒன்றரைக் கோடியைத் தாண்டினால் அன்றே வந்தாக வேண்டும், வெளியேறும் படிவமான சிஎம்பி-04-ஐ ஏழு நாளுக்குள் போட வேண்டும். வெளியே வரும்போது கையிருப்புச் சரக்குக்குக் கொடுத்த வரி இன்புட்டாகக் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு ஐடிசி-01 படிவத்தை 30 நாளுக்குள் போட வேண்டும், கொள்முதல் பில் ஒரு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு இறங்கிய பொருள்களை விற்கும் மளிகைக்காரர் வெளியே வர நினைத்தால், முதலில் மாறும் நாளுக்கு முந்தைய இரவு சரக்கை எண்ணி, எந்தச் சரக்கு எந்த பில்லில் வந்தது என்று எழுதி வைக்கட்டும். ஆடிட்டரிடம் போகும்போது அந்தத் தாளோடு போனால் போதும்.